யாரு வந்திருக்கா

மாலை ஐந்து மணிக்குப் பெண்கள் வார்டை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். இருபது கட்டில். நோயாளிக்குத் துணையாக ராத்தங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துச் சமையல்கட்டுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சமையற்காரர் சோற்றைக் குறைத்து வடித்துவிட்டு, பழியைத் தூக்கி நர்ஸ் தலையில் போட்டுவிடுவார். அதனால் முருகலட்சுமி பதினோரு வருஷமாக ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு வந்திருக்கா?"

அம்மா வந்திருக்காக என்பார்கள், மதினி வந்திருக்கா என்பார்கள், பாதிப் பேர் யாரும் வரல சிஸ்டர் என்பார்கள். சோற்றுக்காகக் கேட்கிற கேள்வி. இதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஓர் அறக்கட்டளை நடத்தும் மனநல மருத்துவமனை அது. கடல் கண்ணுக்குத் தெரியாது. அதன் காற்று மட்டும் வந்து ஜன்னல் கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்துவிட்டுப் போகும். டாக்டர் ஜாபர் சாதிக் செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாட்களில் நர்ஸ்கள் வைத்ததுதான் சட்டம்.

சித்திரை மாசத்தில் பூமயில் வந்து சேர்ந்தாள். முப்பத்தொரு வயது. சாயல்குடிக்கு வடக்கே கரிசல்காட்டு ஊர். புருஷன் பூமிநாதனுக்கு விறகுக்கரி சுடுகிற கரிமூட்டத்தில் வேலை. சிநேகா என்று ஒன்பது வயதில் ஒரே மகள். மூன்று வருஷமாகப் பூமயிலுக்கு இடையிடையே பொழுது காணாமல் போய்க்கொண்டிருந்தது. மிளகாய்க் காட்டில் களை எடுத்துக்கொண்டே இருப்பாள். திடீரென்று குரல் மாறிவிடும். புருஷனைப் பார்த்து நீ யாரு என்பாள். பெற்ற பிள்ளையைத் தெரியாது. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, என் பேரு ஜெயசுதா என்பாள். ஒரு மணி நேரமோ ஒரு பகலோ கழித்துப் பூமயிலாகத் திரும்பி வந்து, மணி என்ன என்று கேட்பாள். நடந்தது ஒன்றும் நினைவிருக்காது.

ஊர் சும்மா இருக்குமா? கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். அவர் உடுக்கையை அடித்து, "யாரு வந்திருக்கா? சொல்லு, வந்திருக்கது யாரு?" என்று மாசத்துக்கு இரண்டு தடவை மூன்று வருஷம் கேட்டார். அவளும் ஒவ்வொரு தடவையும் ஜெயசுதா என்றே சொன்னாள். ஜெயசுதா என்று எவளாவது கிணற்றில் விழுந்து செத்திருக்கிறாளா என்று ஏழு ஊரில் விசாரித்தார்கள். அகப்பட்ட ஒரே ஜெயசுதா கமுதியில் தையல் கடை வைத்துக்கொண்டு நன்றாகவே இருந்தாள்.

டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு எடுத்தார். பதிமூன்று வயதில் பூமயிலை வெளியூரில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வருஷம். வெளியே பூட்டிவிட்டுப் போவார்களாம், அடிப்பார்களாம். அதற்கு மேலும் ஏதோ உண்டு. அதை அவள் சொல்லவில்லை, டாக்டரும் தோண்டவில்லை. அங்கே அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். அவளே உண்டாக்கிக்கொண்ட அக்கா. பேர் ஜெயசுதா.

"இது பேயும் இல்ல சிஸ்டர், நடிப்பும் இல்ல," என்றார் டாக்டர். "தாங்க முடியாதது நடக்கும்போது மனசு தான் வெலகிக்கிட்டு இன்னொரு ஆள முன்னால நிப்பாட்டிருது. டிசோசியேட்டிவ்னு எழுதியிருக்கேன். மாத்திரையால ஆகிற காரியம் கொஞ்சம்தான். நீங்க நடந்துக்கிறதுதான் பெரிய மருந்து. ஜெயசுதா வந்தா வெரட்டாதீங்க. வரலைன்னா கூப்பிடாதீங்க. கண்ணு எங்கயோ போற மாதிரி இருந்தா, ரெண்டு பாதத்தையும் தரையில ஊனச் சொல்லுங்க, ஈரத்துணியக் கையில குடுங்க, இன்னைக்கு என்ன கெழமை, இது எந்த எடம்னு சொல்லுங்க. அப்புறம் ஒண்ணு. காணாமப் போன நேரத்துல என்ன நடந்துச்சுன்னு கேட்டா ஒளிக்காமச் சொல்லணும். ஏற்கெனவே பூமயிலோட நாளெல்லாம் ஓட்டை. நம்ம பொய்யும் சேந்தா ஒண்ணும் மிஞ்சாது."

முருகலட்சுமி தலையை ஆட்டினாள். நல்ல நர்ஸ் என்று பெயர் எடுத்தவள். நாற்பத்தாறு வயதில் இதுவரை ஒரு நோயாளி மீதுகூடக் கை ஓங்கியதில்லை.

பூமயில் கட்டிலில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. ம் என்பாள், இல்ல என்பாள், அவ்வளவுதான். ஆனால் சாயங்காலமானால் ஜெயசுதா வந்துவிடுவாள். வந்தால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வார்டையே ரெண்டாக்குவாள். "ஏ முருகு, இன்னைக்கு உங்க வீட்டுல என்ன கொழம்பு? நேத்து வச்ச பழைய கொழம்பா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே!" முருகு என்று அவளைக் கூப்பிட்டவள் அவளுடைய அம்மா ஒருத்திதான், அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. "கொண்டைய இப்படியா போடுவ, வா இங்கன," என்று பிடித்து உட்காரவைத்துத் தலையைச் சீவிவிடுவாள்.

பதினைந்து நாள் கழித்துத்தான் முருகலட்சுமிக்கு ஒன்று உறைத்தது. ஜெயசுதா தன் டியூட்டியில் மட்டும்தான் வருகிறாள். இன்னொரு நர்ஸ் சத்யப்பிரியாவின் டியூட்டியில் வருவதில்லை. சின்னப் பெண் சத்யப்பிரியா என்ன செய்கிறாள் என்று ஒருநாள் மறைவாக நின்று பார்த்தாள். அவள் சுற்றி வரும்போது, "துணைக்கு ஆளிருக்காக்கா?" என்று கேட்டுக்கொண்டு போனாள். பூமயில் இல்லை என்று தலையாட்டினாள். வேறொன்றும் இல்லை.

முருகலட்சுமிக்கு முகத்தில் ஈயாடவில்லை. கோடாங்கி மூன்று வருஷமாக உடுக்கை அடித்துக் கேட்ட கேள்வியைத் தான் சோற்றுக்காகத் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்! யாரு வந்திருக்கா என்றால் பதில் சொல்லப் பழகிய வாய் அது. சொல்லுவதற்கு உண்மையில் யாரும் வராதபோது அவளும்தான் என்ன செய்வாள்?

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் எழுந்து நின்று பாராட்டினார். டியூட்டி மாற்றும் நோட்டில் சிவப்பு மையில் எழுதிவைத்தார்கள்: பூமயிலின் பதினோராம் கட்டிலில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. "அப்ப நீங்கதான் எங்க கோடாங்கியாக்கா?" என்று சத்யப்பிரியா கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். முருகலட்சுமியும் சிரித்தாள்.

ஜெயசுதா வருவது நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம். பூமயில் தன் கட்டிலைத் தானே விரித்தாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், மகளைப் பற்றித் தானாக இரண்டு வார்த்தை பேசினாள். டாக்டர் பூமிநாதனுக்குப் போன் போட்டார். "இன்னும் ஒரு மாசம் இப்படியே இருந்தா வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்," என்றார். பூமிநாதன் கெட்டவனில்லை. சேர்க்கும்போதே வெளிப்படையாகச் சொல்லியிருந்தான். "எங்க ஆளுக வேற பொண்ணு பாக்கச் சொல்றாக சார். நான் முடியாதுன்னுட்டேன். ஆனா புள்ளைய அவளுக்கு அடையாளம் தெரியணும். புள்ள பயந்துக்கிட்டே ஒரு வீட்டுல வளர முடியாது. அது ஒண்ணுதான் நான் கேக்கிறது."

எல்லாருக்கும் சந்தோஷம். முருகலட்சுமிக்கும் சந்தோஷம் என்றுதான் அவளே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் புருஷன் உண்டு. பாம்பனில் கருவாட்டுக் கம்பெனியில் வேலை. மாசம் ஒரு தடவை வருவார், ஒரு நாள் தங்குவார், கிளம்பிப் போவார். பிள்ளை இல்லை. சண்டையும் இல்லை, சண்டை இருந்திருந்தால் பேச்சாவது இருந்திருக்கும். வாரத்துக்கு ஒருமுறை போன் வரும். சிலிண்டர் புக் பண்ணியாச்சா, ம், கரண்டு பில்லு, கட்டியாச்சு, சரி வைக்கிறேன். மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் அவள் ஒருத்திக்குச் சோறு பொங்கி, ஒருத்தியாகத் தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவாள். பதினோரு வருஷமாக அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. தலை சீவிவிட ஒருத்தி வந்து போன பிறகுதான் தோன்றியது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி. வார்டு முழுக்கத் தூக்கம். பூமயில் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முருகலட்சுமி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்தாள். பேசாமல் எழுந்து போய்விடு என்று புத்தி சொன்னது. வாய் கேட்கவில்லை. யாருக்கும் கேட்காத குரலில், "யாரு வந்திருக்கா?" என்றாள்.

பூமயிலின் கண்கள் ஒரு கணம் எங்கேயோ போய்வந்தன. "எங்க முருகு போயிட்ட இத்தன நாளா? எளைச்சுல போயிருக்க!"

முருகலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அரைமணி நேரம் பேசினார்கள். பிறகு ஈரத்துணியைக் கையில் கொடுத்து, பாதத்தை ஊனச் சொல்லி, கிழமையைச் சொல்லி, பாடத்தில் படித்ததுபோலப் பூமயிலைத் திரும்பக் கொண்டுவந்தாள். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் அதையே செய்தாள். ஒரு அரைமணி நேரத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது வியாழக்கிழமை ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் கிடையாது என்றதும் சிநேகா அம்மாவைப் பார்க்கணும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். பூமிநாதனும் நல்ல சேதி கேட்ட தெம்பில், முன்கூட்டிச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கந்தூரித் திருவிழாக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மூன்றேகால் மணிக்கு வார்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.

"அம்மா!"

ஜெயசுதா அப்போது முருகலட்சுமியின் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்து மடியில் விழுந்த பிள்ளையைத் தோளைப் பிடித்து மெதுவாக விலக்கிப் பார்த்தாள். கோபமில்லை, வெறுப்பில்லை. தெருவில் வழிதவறி நிற்கிற பிள்ளையிடம் கேட்பதுபோல அவ்வளவு அன்பாகக் கேட்டாள்.

"யாரு பாப்பா நீ? ஒங்கம்மாவத் தேடி வந்தியா?"

சிநேகா சத்தம் போட்டு அழவில்லை. ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய் அய்யாவின் காலில் முட்டிக்கொண்டு நின்றாள். உதடு கோணியது. பூமிநாதன் கையிலிருந்த ஓலைப்பொட்டலத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினான். முருகலட்சுமி அவிழ்ந்த தலையோடு எழுந்து, "கொஞ்சம் நில்லுங்க, இப்பச் சரியாயிரும், ஒரு அஞ்சு நிமிசம்," என்று பின்னாலேயே ஓடினாள்.

"மூணு வருசமா இதத்தான் சிஸ்டர் எல்லாரும் சொல்றீக," என்றான் அவன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அவள் அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்துகொண்டு கட்டிலுக்குத் திரும்பினாள். பூமயில் திரும்பி வர நாலரை ஆயிற்று. எப்போதும்போல மணி என்ன என்று கேட்டாள். பிறகு பொட்டலத்தைப் பார்த்தாள். பிரித்தாள். நுங்கு.

"இது யாரு சிஸ்டர் கொண்டாந்தா?"

ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது டாக்டர் சொல்லியிருந்த விதி. முருகலட்சுமி, "நான்தான் ரோட்டுல வாங்கினேன். சாப்பிடு," என்றாள்.

பூமயில் ஒரு சுளையை வாயில் போட்டு மென்றாள். முகம் மலர்ந்தது. "எங்கூரு மரத்து நுங்கு மாதிரியே இருக்கு. எம்மகளுக்கு ரொம்பப் பிடிக்கும் சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை முருகலட்சுமியிடம் நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு போய்க் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சீச்சீ, நீயும் ஒரு மனுசியா என்று முருகலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் வந்து உட்கார்ந்ததும் கதவை மூடிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று வியாழக்கிழமை, பிள்ளை வந்தது, நுங்கு. அவர் வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"பூமிநாதன் காலைல போன் பண்ணினாரு. பொண்ணு சோறு திங்கலையாம். இனி அங்கன வரமாட்டேன்னு சொல்லுதாம். அவரும் இனிமே கூட்டியாரப் போறதில்லைன்னாரு. என்ன ஆச்சுன்னு எனக்குப் புரியல. இப்பப் புரியுது." பேனாவை மேசையில் வைத்தார். "எதுக்கு சிஸ்டர்?"

"பேசுறதுக்கு ஆளில்ல சார்."

சொல்லிவிட்டாள். நாற்பத்தாறு வயதில் அதை ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். டாக்டர் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"மேலிடத்துக்கு நான் எழுதித்தான் ஆகணும். நாளையிலேர்ந்து உங்களுக்கு ஆம்பளைங்க வார்டு. ஆனா அதுக்கு முன்னாடி நீங்க போய் அவகிட்டச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். அவளோட நேரத்த எடுத்தது நீங்க."

முருகலட்சுமி பதினோராம் கட்டிலுக்குப் போனாள். ஸ்டூலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். பூமயில் பதறி எழப்போனாள். உட்காரச் சொல்லி, இரண்டு பாதத்தையும் தரையில் ஊனச் சொன்னாள். பிறகு நேற்று வந்தவர்கள் யார், ஜெயசுதாவைக் கூப்பிட்டது யார் என்று சொன்னாள்.

பூமயில் இமைக்கவில்லை. கண் மெல்லத் தளும்பி எங்கேயோ போகப் பார்த்தது. போய்விடுவாள், ஜெயசுதா வந்துவிடுவாள் என்று முருகலட்சுமிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வந்தால் என்ன, வரட்டுமே என்று அப்போதும் உள்ளே ஒரு ஆசை எட்டிப் பார்த்ததை அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. "வெள்ளிக்கிழம பூமயிலு. ஆஸ்பத்திரி இது. பாதத்த ஊனு. நல்லா ஊனு," என்றாள். பூமயில் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். பூமயிலாகவே நின்றுவிட்டாள்.

"எதுக்கு சிஸ்டர் கூப்பிட்டீக அவள?"

"எனக்குப் பேச ஆளில்லாமத்தான்."

"எனக்கும் இல்லாமத்தான சிஸ்டர் அவ வந்தா," என்றாள் பூமயில். குத்திக்காட்டிச் சொன்னதாகவே இல்லை. அதனால்தான் அது அப்படித் தைத்தது.

பிறகு பூமயில் கேட்டாள்: "எம்புள்ள என்ன கவுன் போட்டிருந்தா?"

முருகலட்சுமி கண்ணை மூடி யோசித்தாள். "ஊதாக் கலரு. கையில பூ வேலை."

"தல?"

"ரெட்டைச் சடை. ஒரு பக்கம் ரிப்பன் அவுந்திருந்துச்சு."

"பல்லு விழுந்துச்சே, மொளச்சிருச்சா?"

"பாதி மொளச்சிருக்கு."

"எங்கன வந்து விழுந்தா?"

"உன் மடியில. இந்தப் பக்கம்."

பூமயில் அந்தத் தொடையில் கையை வைத்துக்கொண்டாள். "நான் என்ன சொன்னேன்?"

அதையும் சொல்ல வேண்டியிருந்தது. முருகலட்சுமி அட்சரம் பிசகாமல் சொன்னாள். பூமயில் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள், முதுகு குலுங்கியது. முருகலட்சுமி தொடவில்லை. தொடுகிற உரிமை தனக்கு இல்லை என்று பட்டது. அழுது முடித்ததும், "முதல்லேர்ந்து சொல்லுங்க சிஸ்டர், வாசல்ல செருப்பக் கழட்டுனதுலேர்ந்து," என்றாள் பூமயில். முருகலட்சுமி மறுபடி சொன்னாள். மூன்று தடவை சொல்லவைத்தாள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

டாக்டர் அறையிலிருந்து போன் போட்டார்கள். டாக்டர்தான் பூமிநாதனிடம் முதலில் பேசினார். எங்கள் பக்கத்துத் தவறு என்று ஒளிக்காமல் சொன்னார். எதிர்ப்பக்கம் கத்தியது முருகலட்சுமி நின்ற இடம் வரை கேட்டது. கத்தி முடிந்து, பிள்ளையிடம் போன் போயிற்று. பிள்ளை பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. டாக்டர் ஸ்பீக்கரைப் போட்டுப் பூமயில் முன்னால் வைத்தார்.

"சிநேகா. அம்மா பேசுறேன் தாயி. நேத்து நீ வந்த."

மூச்சு.

"செருப்ப வாசல்ல கழட்டிட்டு ஓடியாந்த. ரெட்டைச் சடை. ஒரு ரிப்பன் அவுந்து கெடந்துச்சு. பல்லு பாதி மொளச்சிருக்கு. எம்மடியில வந்து விழுந்த."

"அப்ப என்னையப் பாத்தியா?"

பூமயில் முருகலட்சுமியை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம், பிள்ளை நம்பியிருக்கும். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நேத்துப் பாக்கல ஆத்தா. நேத்து அம்மா அங்கன இல்ல. பக்கத்துல இருந்த சிஸ்டர் எல்லாத்தையும் பாத்து வச்சிருந்து இப்பத்தான் சொன்னாக. இப்பத்தான் ஒன்னயப் பாக்குறேன். ஊதாக் கவுனு, கையில பூப்போட்டது."

பிறகு, கண்ணீர் காயாத கறார்க் குரல் ஒன்று வந்தது. "அது ஊதா இல்ல. கத்திரிப்பூக் கலரு. அந்தச் சிஸ்டருக்குக் கலரே தெரியல."

பூமயில் சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையுமாக மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம அதையே போட்டுட்டு வாரேன், நீயே பாரு," என்றது பிள்ளை. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முருகலட்சுமி அறையைவிட்டு வெளியே வந்தாள். அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. கூடவே துக்கமாகவும் இருந்தது. ஜெயசுதா இனி வர மாட்டாள். வரக் கூடாது. அதுதான் நல்லது. பாம்பனுக்குப் போன் போட்டாள். புருஷன் எடுத்து, என்ன விஷயம், இந்நேரத்துல என்றார். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி போயிட்டா என்று சொல்ல வாய் திறந்தாள். யாரு, எந்த ஊரு, எப்ப என்று கேட்பார். ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.